ஒரு கேசட் நிறையக் கிழ நட்சத்திரங்கள்

காலையில் சின்னம்மாவும் நானும் ஒரே பஸ்ஸில்தான் ஏறுவோம். வெள்ளவத்தையில் ஏறினால் பாதி வழியில் என் பல்கலைக்கழகம், கம்பஸ், வரும், நான் இறங்கிவிடுவேன். அவர் ஜன்னலோரத்துக்கு நகர்ந்து கொட்டாஞ்சேனை வரை போவார். அங்கிருந்து கொச்சிக்கடைக்கு நடை. துறைமுகத்தில் வந்திறங்கும் சாமான்களைப் பத்திரங்கள் காட்டி வெளியே எடுத்துக் கொடுக்கும் ஒரு கம்பனியில் அவர் கிளார்க். கலியாணம் கட்டவில்லை. சிங்களத்தை எங்கள் வீட்டு ஆட்கள் யாரும் பேசாத வேகத்தில் பேசுவார். எந்த அரசாங்கக் கந்தோரில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில். நான் படிக்க வந்து, பௌதிகவியலில் பட்டம் முடித்து, மேற்படிப்பு என்று சொல்லிக் கொழும்பிலேயே நின்றுவிட்டேன். கடற்கரைப் பக்க ஒழுங்கையில் சின்னம்மாவின் இரண்டு அறை பிளாட்டில் ஒரு அறை எனக்கு.

கம்பஸில் என்ன செய்கிறேன் என்று யாராவது கேட்டால், "அவ நட்சத்திரம் பாக்கிறா" என்று சின்னம்மா சொல்லிவிடுவார். பக்கத்து பிளாட் அன்ரி அதைக் கேட்டுவிட்டு மகளின் சாதகத்தைக் கொண்டு வந்து என் கையில் தந்தார். இது வேறு நட்சத்திரம் என்று விளக்கினேன். "அப்ப எந்த நட்சத்திரம், பிள்ளை?" என்று கேட்டார். அதற்கு நான் சொன்ன பதிலில் அவருக்குத் திருப்தி இல்லை. சாதகத்தை மடித்துக்கொண்டு போனார்.

நான் படித்தது நீள்வட்ட விண்மீன் மண்டலங்களைப் பற்றி. விண்மீன் மண்டலங்களில் அழகானவை சுருள் கைகளோடு இருப்பவை. கலண்டர்களில் அச்சாகிறவை எல்லாம் அவைதான். நீள்வட்ட மண்டலத்தைப் படத்தில் பார்த்தால் கண்ணாடியில் விரல் பட்ட அடையாளம் மாதிரி ஒரு மங்கல். கை இல்லை, தூசிப் பட்டை இல்லை, புது நட்சத்திரம் பிறக்கிற மேகம் இல்லை. அவற்றின் நட்சத்திரங்கள் எல்லாம் ஆதியில் ஒரே மூச்சில் பிறந்தன, அதன் பிறகு அங்கே ஒன்றும் நடக்கவில்லை, சும்மா வயது போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் நான் படித்த பழைய புத்தகங்கள் சொல்லின. வேறு சிலர், அப்படியில்லை, சின்ன மண்டலங்கள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்துதான் இந்தப் பெரியவை உண்டாயின என்றார்கள். இந்தச் சண்டை எனக்குப் பிடித்திருந்தது. வெளியே ஒன்றும் தெரியாத ஒரு மங்கலுக்குள் என்ன நடந்தது என்று இவ்வளவு பேர் மல்லுக்கட்டுகிறார்களே என்று.

என் மேற்பார்வையாளர் ஒரு சிங்களப் பேராசிரியர். என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் நல்ல ஆங்கிலத்தில் பேசுவார். இந்தச் சண்டையில் கலந்துகொள்ள எங்களிடம் தொலைநோக்கி இல்லை என்பது அவருக்குக் கவலை. ஆனால் அவரோடு முன்பு படித்த நண்பர் ஒருவர் வெளிநாட்டில் ஒரு வானாய்வுக்கூடத்தில் இருந்தார். தங்கள் குழு எடுத்துவிட்டு ஆராய நேரமில்லாமல் வைத்திருக்கும் சில நீள்வட்ட மண்டலங்களின் நிறமாலைகளை அனுப்புவதாக அவர் சொன்னார். நிறமாலை என்றால், மண்டலத்தின் ஒளியை வானவில் மாதிரி விரித்து, எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி என்று அளந்து வைத்த எண்கள். அந்த எண்கள் ஒரு காந்தநாடாக் கேசட்டில் பதிந்து தபாலில் வரும் என்றார்.

வந்தது. ஆனால் எங்கள் கைக்கு வரவில்லை. வெளிநாட்டுப் பார்சல்களைத் திறந்து பார்க்கிற கந்தோரில் நின்றுவிட்டது.

காரணம் பிறகுதான் விளங்கியது. அந்தக் காலத்துக் கொம்பியூட்டர் நாடாக்களில் ஒரு வகை, சின்ன வீடியோ கமெராவில் போடுகிற கேசட்டைப் போலவே இருக்கும். அதே அளவு, அதே கறுப்பு, அதே மூடி. யுத்த காலத்தில் வெளிநாட்டிலிருந்து தமிழ்ப் பெயருக்கு ஒரு வீடியோ கேசட் வந்தால் யாருக்குச் சந்தேகம் வராது? பேராசிரியர் தன் பெயருக்கு அனுப்பச் சொல்லியிருக்கலாம். ஆனால், "இது உன்னுடைய ஆராய்ச்சி, உன் பெயருக்கு வரட்டும்" என்று பெருந்தன்மையாக என் பெயரைக் கொடுத்திருந்தார்.

சின்னம்மாவிடம் சொன்னேன். அவர் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார்.

"இதை முதலே சொல்லியிருந்தால் அனுப்பேக்கையே சரியாய் எழுதி அனுப்பச் சொல்லியிருப்பன். கம்பஸ்காரருக்குச் சாமான் எடுக்கத் தெரியாது. நாளைக்கு லீவு போடுறன். நீ வாயைத் திறவாதை, நான் கதைக்கிறன்."

மறுநாள் இரண்டு பேரும் போனோம். பல்கலைக்கழகத்தின் முத்திரை குத்திய கடிதமும், என் அடையாள அட்டையும், வடக்கிலிருந்து வந்த தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டும் கையில். எங்களைக் கூப்பிட்ட அதிகாரிக்கு ஐம்பதுக்குக் கிட்ட வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர் மேசையில் என் கேசட். பக்கத்தில் ஒரு சின்ன வீடியோ கமெரா.

கமெராவைக் கண்டதும் எனக்குச் சின்னம்மாவின் கட்டளை மறந்துபோயிற்று.

"அதை இதுக்குள்ள போட்டீங்களா?" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன்.

"போட்டேன்" என்றார். "ஒன்றும் இல்லை. வெறும் புள்ளி புள்ளியாக ஓடுகிறது. ஒன்றும் இல்லாத கேசட்டை இவ்வளவு தூரத்திலிருந்து எதற்கு அனுப்புகிறார்கள்?"

"இது வீடியோ இல்லை. இதுக்குள்ள எண்கள் இருக்கு."

"என்ன எண்கள்?"

"மந்தாகினிகளின் வெளிச்சம்."

சிங்களத்தில் விண்மீன் மண்டலத்துக்கு மந்தாகினி என்று பெயர். சொல்லும்போதே அது பாட்டுப் புத்தகத்தில் வருகிற சொல் மாதிரி இருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் அடையாள அட்டையை மீண்டும் எடுத்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எண்கள் என்றால் ரகசிய எழுத்தாகவும் இருக்கலாம்தானே?"

அவர் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து மேசைக்காரர் எழுதுவதை நிறுத்தினார். அந்த நாட்களில் ஒரு ஆளை உள்ளே கொண்டுபோக இதைவிடச் சின்னக் காரணங்களே போதுமாக இருந்தன. நான் கேசட்டுப் பக்கம் கையை நீட்டினேன். சின்னம்மா என் கையைப் பிடித்துக் கீழே இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு கதிரையை இன்னும் கொஞ்சம் மேசைப் பக்கம் நகர்த்தி, சாமான் எடுக்க வந்த ஆளின் குரலில் சிங்களத்தில் கதைக்கத் தொடங்கினார்.

"மஹத்தயா, உங்களுக்கு என்ன வேணும்? உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு பாக்க வேணும். அவ்வளவுதானே?"

"ஓம். பார்த்தேன் என்று நான் எழுத வேண்டும். பார்க்காமல் எப்படி எழுதுவது?"

"அப்ப வந்து பாருங்கோ. இதை வாசிக்கிற மெஷின் தெஹிவளையில இருக்கு. நீங்களே கேசட்டைக் கொண்டு வாங்கோ, நாங்கள் தொடமாட்டம். நீங்கள் பாருங்கோ. நட்சத்திரம் இல்லை எண்டால் இந்தப் பிள்ளையையும் கொண்டு போங்கோ, கேசட்டையும் கொண்டு போங்கோ."

நான் சின்னம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். "வேலை முடிந்து நான் கல்கிசைக்குத்தான் போகிறேன்" என்றார். "தெஹிவளை வழியில்தான்." பிறகு சிரித்தார். முதல் முறையாக.

தெஹிவளையில் அந்த மெஷின் இருப்பதைச் சின்னம்மாவுக்கு நான்தான் சொல்லியிருந்தேன். என்னோடு கம்பஸில் படித்த தெஹிவளை முஸ்லிம் நண்பர் ஒருவர், கம்பனிகளின் கணக்குகளை நாடாவில் பிரதியெடுத்துப் பாதுகாக்கிற ஒரு கொம்பியூட்டர் நிறுவனத்தில் வேலை செய்தார். எங்கள் பேராசிரியர் முன்பே அவரைக் கேட்டு வைத்திருந்தார்.

அன்று மாலை மூன்று பேரும் காலி வீதியில் பஸ் ஏறினோம். கேசட்டை ஒரு தடித்த உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, அதிகாரி மடியில் வைத்திருந்தார். வழியெல்லாம் கேள்வி.

"மந்தாகினி என்றால் எத்தனை நட்சத்திரம்?"

"எண்ண முடியாது. கோடிக்கணக்கு. தூரத்தில இருந்து பாக்கேக்கை எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன வெளிச்சம்தான்."

"நீ அதில் என்ன தேடுகிறாய்?"

"வயசு. அந்த நட்சத்திரங்கள் எப்ப பிறந்தது எண்டு."

"பிறந்த திகதியா?" அவருக்கு அது பிடித்துவிட்டது. "எப்படித் தெரியும்?"

நீல நட்சத்திரங்கள் பெரியவை, சூடானவை, வேகமாக எரிந்து சீக்கிரம் செத்துப்போகும் என்றேன். சிவந்தவை மெதுவாக எரியும், நெடுங்காலம் இருக்கும். ஆகவே ஒரு கூட்டத்தில் நீலம் இல்லாமல் சிவப்பே மிஞ்சியிருந்தால் அது பழைய கூட்டம். என் சிங்களம் திக்கிய இடங்களில் சின்னம்மா சொல் எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளவத்தைப் பாலத்தடியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, நடந்து கடந்து மறுபடி ஏற வேண்டும். எனக்கும் சின்னம்மாவுக்கும் பழக்கம். இறங்கும்போதே அட்டை கையில் இருக்கும். தினமும் ரயிலில் போகும் அதிகாரிக்குப் பழக்கமில்லை. அவர் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற விதமே ஒரு ஆமிக்காரனை அவரிடம் கூட்டி வந்தது.

"மொகத்த மே?" இது என்ன என்று உறையைத் தொட்டான்.

"அரசாங்க முத்திரை வைத்தது. திறக்க முடியாது."

"உள்ளுக்கு?"

"கேசட்."

"என்ன கேசட்?"

அதிகாரி ஒரு கணம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். ஆமிக்காரன் சார்ஜன்டைக் கூப்பிட்டான். சார்ஜன்ட் வந்து அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்டார். அதிகாரி தன் கந்தோர் அட்டையைக் காட்டினார். அது சார்ஜன்டுக்குப் போதவில்லை.

"இது மந்தாகினிகள் சம்பந்தமானது" என்று அதிகாரி குரலை உயர்த்தினார். "மிகவும் வயதான நட்சத்திரங்கள். நீல நிறத்தவை எல்லாம் செத்துவிட்டன."

"யார் செத்தது?"

"நீல நிறத்தவை."

"யார் சுட்டது?"

"ஒருவரும் சுடவில்லை! தாங்களாகவே எரிந்து முடிந்துவிட்டன. மிஞ்சியிருப்பவை சிவந்தவை."

சிவந்தவை என்றதும் சார்ஜன்டின் முகம் இன்னும் இறுகியது. தெற்கில் அது கிளர்ச்சி செய்த இடதுசாரிகளின் நிறம். சின்னம்மா என் மணிக்கட்டை நகம் பதியக் கிள்ளினார். சிரித்தால் மூன்று பேரும் அங்கேயே இருக்க வேண்டியதுதான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கால்வாய்த் தண்ணீரைப் பார்த்தேன். நடத்துநர் பஸ்ஸைத் தட்டத் தொடங்கிவிட்டார்.

அதிகாரி விடவில்லை. உறையை ஒரு கையில் உயர்த்தி, மறு கையால் வானத்தைக் காட்டி, பஸ்ஸில் நான் சொன்னதை எல்லாம் திருப்பிச் சொன்னார். பாதி தவறு. ஆனால் எவ்வளவு உறுதியோடு! ஏறிவிட்ட பிரயாணிகள் எல்லாம் ஜன்னலால் தலையை நீட்டிக் கேட்டார்கள். சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அப்படியானால் இவை இப்போது இல்லையா?"

"அது..." அதிகாரி என்னைப் பார்த்தார். "நோனாவைக் கேளுங்கள்."

"வெளிச்சம் புறப்பட்டு நெடுங்காலம்" என்றேன். "இப்ப இருக்கோ இல்லையோ தெரியாது."

சார்ஜன்ட் உறையை ஒரு தடவை முகர்ந்து பார்த்தார். பிறகு, "ஹரி, போங்கள்" என்றார். நாங்கள் பஸ்ஸில் ஏறும்போது பின்னாலிருந்து, "சூரியனும் அப்படிச் செத்துப்போகுமா?" என்று கேட்டார். போகும், ஆனால் அவசரமில்லை என்று அதிகாரியே பதில் சொன்னார்.

பஸ் பாலத்தைத் தாண்டியதும் சின்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கத் தொடங்கினார். எனக்கும் அடக்க முடியவில்லை. அதிகாரி எங்களை முறைத்துப் பார்த்தார். பிறகு அவரும் சேர்ந்துகொண்டார். தெஹிவளைச் சந்தி வரும்வரை மூன்று பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனோம்.

நண்பரின் கம்பனி ஒரு இரும்புச் சாமான் கடையின் மேல்மாடியில் இருந்தது. கொம்பியூட்டர் அறைக்குள் செருப்போடு போகக்கூடாது. அரச அதிகாரி ஒருவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு வருவதைக் கண்டு நண்பர் என் காதருகே குனிந்தார்.

"என்ன இது, ஆளோட வந்தீக்கிறீங்க? பிரச்சினை ஒண்டும் இல்லையே?"

"இவருக்கு நட்சத்திரம் காட்டோணும்" என்றேன்.

அதிகாரி தன் கையாலேயே முத்திரையை உடைத்துக் கேசட்டைக் கொடுத்தார். நண்பர் அதை மெஷினுக்குள் தள்ளினார். அது முனகியது, சுற்றியது, நின்றது. திரையில் பிழை என்று ஒரு வரி. கமெராவில் ஓட்டியதில் நாடா கசங்கிவிட்டதோ என்றுதான் முதல் நினைப்பு. பேராசிரியரின் நல்ல ஆங்கிலம் காதில் கேட்டது.

"அவசரப்படாதீங்க" என்றார் நண்பர். மெஷினின் தலையைச் சுத்தம் செய்கிற கேசட் ஒன்றை முதலில் ஓட்டினார். பிறகு திரும்பவும் என் கேசட்டைப் போட்டார். முனகல், சுற்றல். திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கத் தொடங்கின. நான் சின்னம்மாவைக் கட்டிப்பிடித்தேன்.

நண்பர் ஒரு கோப்பை வரைபடமாக்கித் திரையில் போட்டார். கறுப்புப் பின்னணியில் பச்சையாக ஒரு கோணல் மாணல் கோடு.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக் குனிந்தார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அவர் ஏமாந்துபோனது முகத்தில் தெரிந்தது. பாவமாக இருந்தது. ஆகவே கோட்டில் இருந்த பள்ளங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒவ்வொரு பள்ளமும் ஒரு மூலகம் விழுங்கிய நிறம். இது மக்னீசியம். இது இரும்பு. இது ஐதரசன்.

"பஸ்ஸில நான் சொன்னது முழு உண்மை இல்லை" என்றேன். "சிவப்பாய் இருந்தால் வயசு போனது எண்டேன். ஆனால் இரும்பு மாதிரி உலோகங்கள் கூட இருக்கிற நட்சத்திரங்களும் சிவப்பாய்த் தெரியும். நிறத்தை மட்டும் பாத்தால், வயசு போனதா, உலோகம் கூடினதா எண்டு பிரிக்க ஏலாது."

"அதாவது இளையது கிழடு மாதிரித் தெரியும்."

"ஓம்."

"என் மனைவியின் தம்பி அப்படித்தான். முப்பது வயதில் தலை முழுக்க நரை." அவர் திரைக்கு இன்னும் கிட்டப் போனார். "அப்போது என்ன செய்வாய்?"

"இந்த ஐதரசன் பள்ளத்தைப் பாப்பன். இளசான நட்சத்திரங்கள் இருந்தால் இது ஆழமாய் இருக்கும். உலோகம் இதை அவ்வளவாய்க் குழப்பாது."

"இதில் ஆழமா?"

"இன்னும் அளக்கேல்லை. தெரியாது."

"உனக்கே தெரியாதா?" அது அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது. இவ்வளவு பாடுபட்டு எடுக்கிற சாமானில் என்ன இருக்கிறது என்று எடுக்கிற ஆளுக்கே தெரியாது. பையிலிருந்து தன் தாளை எடுத்து, 'பார்த்தேன். நட்சத்திரங்கள்' என்று எழுதிக் கையெழுத்து வைத்து, கேசட்டை என்னிடம் விட்டார். சப்பாத்தை மாட்டும்போது, "தெரிந்தால் சொல்" என்றார்.

அதன் பிறகு வேலை. கோப்புகளைப் பிளொப்பிகளில் பிரித்து எடுத்துக் கம்பஸுக்குக் கொண்டு போனேன். அது மழை பொய்த்து, நாடு முழுவதும் மின்வெட்டு வந்த வருடம். கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். மின்சாரம் இல்லாத நேரங்களில் வரைபடத் தாள்களை ஜன்னலடியில் விரித்து வைத்துக்கொண்டு, பள்ளங்களின் ஆழத்தை அடிமட்டத்தால் அளந்து பார்ப்பேன். தேவையில்லாத வேலைதான். ஆனால் ஒவ்வொரு மண்டலத்தின் கோடும் ஒரு ஆளின் முகம் மாதிரிப் பழகிப்போனது அப்படித்தான்.

பெரும்பாலானவை எதிர்பார்த்த மாதிரியே இருந்தன. ஐதரசன் பள்ளம் ஆழமில்லை. வயதானவை. அதோடு மக்னீசியம் இரும்பைவிடத் தூக்கலாக இருந்தது. அதுவும் ஒரு கதை சொல்லும். மக்னீசியத்தைப் பெரிய நட்சத்திரங்கள் வெடித்துச் சீக்கிரமே கொடுத்துவிடும். இரும்பில் பெரும்பங்கு வேறு வகை வெடிப்புகளிலிருந்து ஆறுதலாக, மெதுவாகத்தான் வந்து சேரும். இரும்பு வந்து சேரும் முன்னமே நட்சத்திரங்கள் எல்லாம் பிறந்து முடிந்துவிட்டன என்றால், அந்த மண்டலம் அவசர அவசரமாக உண்டாகியிருக்கிறது. ஆதியில், ஒரே மூச்சில். பழைய புத்தகங்கள் சொன்னது போலவே.

ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. படத்தில் மற்றவற்றைப் போலவே வெறும் மங்கல். ஆனால் ஐதரசன் பள்ளம் ஆழமாக இருந்தது. திரும்பத் திரும்ப அளந்தேன். ஆழம்தான். கிழடுகளின் கூட்டத்துக்குள் எங்கேயோ கொஞ்சம் இளசுகள் இருந்தன. அன்று மாலை வீட்டுக்குப் போக எதிர்ப்பக்கப் பஸ்ஸில் ஏறி, புறக்கோட்டை வரை போய்விட்டேன்.

பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு, "அந்த வீடியோ கமெரா" என்றார்.

"சேர்?"

"அந்த மனிதன் கேசட்டைக் கமெராவில் ஓட்டினான். நாடா பழுதாகியிருக்கும். இது நட்சத்திரம் அல்ல, கீறல்."

எனக்கு அழுகை வந்தது. நேரே தெஹிவளைக்குப் போனேன். நண்பர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"டேப் பழுதெண்டா வாசிக்கவே வாசிக்காது. பொய் சொல்லாது. அவருக்கிட்டச் சொல்லுங்க."

சொன்னேன். ஆனாலும் பேராசிரியர் வெளிநாட்டு நண்பருக்கு ஃபேக்ஸ் அனுப்பினார்: உங்களிடம் இருக்கும் மூலப் பிரதியில் இந்த ஒரு மண்டலத்தின் ஐதரசன் பள்ளத்தை அளந்து சொல்லுங்கள் என்று. பதில் வரும்வரை சின்னம்மா சும்மா இருக்கவில்லை. தன் கந்தோரிலிருந்து தினமும் பேராசிரியருக்குப் போன் எடுத்து, "ஃபேக்ஸ் வந்ததா, சேர்?" என்று கேட்டிருக்கிறார். கொள்கலன் எப்போது வரும் என்று கப்பல் கம்பனியைக் கேட்கிற அதே குரலில். எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஃபேக்ஸ் வந்த அன்று பேராசிரியர் விரிவுரை மண்டபத்துக்கே வந்து என்னை வெளியே கூப்பிட்டார். தாளை நீட்டினார். அவர்கள் அளந்ததும் நான் அளந்ததும் ஒன்று. கீழே, "நாங்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம். வாழ்த்துக்கள்" என்று எழுதியிருந்தது.

"உன் சின்னம்மாவுக்கு நீயே சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

கருத்தரங்கு வைத்தோம். சின்னம்மா காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு, கலியாண வீட்டுக்கு வருகிற மாதிரி வந்து முன்வரிசையில் இருந்தார். அவர்தான் அதிகாரிக்கும் சொல்லியிருக்கிறார். கடைசி வரிசையில் அதிகாரி தன் மனைவியோடு உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் எனக்கு ஒரு வசனம் தவறிப்போனது. தெஹிவளை நண்பர் வாசலடியில் நின்றார். பாதியில் மின்சாரம் போய்ப் படங்கள் அணைந்தன. கரும்பலகையில் சோக்கட்டியால் கோடு வரைந்து மீதியைச் சொன்னேன். அது நல்லதாகப் போயிற்று. மெதுவாகச் சொல்ல வேண்டி வந்ததால் எல்லோருக்கும் விளங்கியது.

கேள்வி நேரத்தில் இரண்டு விரிவுரையாளர்கள் என்னைப் பிழிந்தெடுத்தார்கள். பிறகு கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"அந்த இளைய நட்சத்திரங்கள் எங்கிருந்து வந்தன?" சிங்களத்தில்தான் கேட்டார்.

சிங்களத்திலேயே பதில் சொன்னேன். "நிச்சயமாகத் தெரியாது. வாயு நிறைந்த ஒரு சின்ன மண்டலம் வந்து இதோடு சேர்ந்திருக்கலாம். அந்த வாயுவில் புதிதாகப் பிறந்திருக்கலாம்."

"அப்படியானால் இரண்டு கட்சியும் சரி."

"இந்த ஒன்றில், ஓம்."

பேராசிரியர் கைதட்டத் தொடங்கினார்.

பிறகு எல்லோரும் கன்ரீனுக்குப் போனோம். ரோல்ஸும் பிளேன்ரீயும். அதிகாரியின் மனைவி ரோல்ஸைப் பிய்த்துக்கொண்டே, புருஷன் இப்போது இரவில் சாப்பிட்டதும் முற்றத்தில் போய் நிற்கிறார், என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால் சிவந்தவை என்கிறார் என்று முறைப்பாடு சொன்னார். சின்னம்மாவுக்கு வேறு ஒரு சந்தேகம் இருந்தது.

"பிள்ளை, அந்த இளசுகளுக்கு எத்தினை வயசு எண்டு சொன்னனி?"

"ரெண்டு பில்லியன் வருசம் மட்டில."

"பில்லியன் எண்டால்?"

"நூறு கோடி."

"இருநூறு கோடி வருசம். அதை இளசு எண்டுறாய்." அவர் மேசையைச் சுற்றி எல்லோரையும் பார்த்தார். "இங்கை எனக்கு நாப்பத்தாறு. எங்கடை ஒழுங்கையில எல்லாரும் என்னைக் கிழவி எண்டுறாங்கள்."

நண்பர் குடித்த தேநீர் புரையேறியது. பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது, அதிகாரிக்கும் தெரியாது. நான் சிங்களத்தில் மொழிபெயர்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "இல்லை, இல்லை" என்று பதறினார்கள். சின்னம்மா அதை ஏற்றுக்கொண்டு இன்னொரு ரோல்ஸ் எடுத்தார்.